ஒரு பக்கத்தின் குற்றத்துக்கு ஒரு நூலகத்தையே பூட்டலாமா?

கேள்வி
எழுதியவர்: ஏடுதேடி

அனைவருக்கும் வணக்கம். தஞ்சாவூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் நெடுங்காலமாக நடந்துவரும் ஒரு படிப்பகத்தை நான் பார்த்துக்கொள்கிறேன். கரையான் அரித்த பழைய நூல்களையும் நின்றுபோன இதழ்களையும் ஸ்கேன் செய்து இணையத்தில் சேர்ப்பதும், வெளியூர் ஆய்வு மாணவர்கள் கேட்கும் பக்கங்களைத் தேடிக் கொடுப்பதும் என் அன்றாட வேலை. அந்த வேலையில் இரண்டு முறை எனக்கு ஏற்பட்ட தடையைச் சொல்லி உங்களிடம் ஒரு கேள்வி கேட்க விரும்புகிறேன்.

முதல் தடை 2017 ஆகஸ்ட் மாதத்தில் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அச்சான ஓர் இலக்கண உரையின் பிழைதிருத்தப் பட்டியலை ஒரு மாணவிக்காகச் சரிபார்க்க வேண்டியிருந்தது. எங்களிடமுள்ள படியில் கடைசி இரண்டு தாள்கள் உதிர்ந்துவிட்டன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் முழுப் படி இருப்பது எனக்குத் தெரியும் என்பதால் அங்கே போனேன். நூல் வர வேண்டிய இடத்தில், தொலைத்தொடர்புத் துறையின் அறிவுறுத்தலின்படி இந்த முகவரி தடுக்கப்பட்டுள்ளது என்ற ஆங்கில வாசகம் மட்டுமே இருந்தது. யார் கேட்டார்கள், எதற்காக, எத்தனை நாளைக்கு என்று ஒரு சொல்லும் இல்லை. இரண்டு இந்தித் திரைப்படங்களின் திருட்டுப் படிகளைத் தடுப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெறப்பட்ட ஆணைகளின்படி சுமார் 2,650 தளங்கள் முடக்கப்பட்டதும், கோடிக்கணக்கான பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் அந்த மின்நூலகமும் அந்தப் பட்டியலில் சிக்கிக்கொண்டதும் பிறகு செய்திகளைப் படித்தே தெரிந்தன.

இரண்டாம் தடை சென்ற டிசம்பரில் வந்தது. பாரதியார் பிறந்தநாளுக்காக எங்கள் படிப்பகத்துப் பிள்ளைகள் ஆறு பேர் பாரதியின் பாடல் ஒன்றைப் பாடினார்கள். அகராதித் தொகுதிகளை அடுக்கி அவற்றின்மேல் கைப்பேசியைச் சாய்த்துவைத்துப் பதிவு செய்தோம். சுருதிப்பெட்டியைத் தவிர வேறு கருவி இல்லை. மெட்டு எங்கள் ஊர்ப் பாட்டு வாத்தியார் பிள்ளைகளின் குரலுக்கு ஏற்றபடி அமைத்துக் கொடுத்தது. அதைக் காணொளித் தளம் ஒன்றில் ஏற்றிய இரண்டாம் நாளே, இசை நிறுவனம் ஒன்று உரிமை கோரியிருப்பதாக மின்னஞ்சல் வந்தது, காணொளியும் நீக்கப்பட்டது. பாரதியின் எழுத்துகளுக்கான உரிமையை 1949இல் சென்னை மாகாண அரசு பெற்றுப் பின்னர் மக்களுக்கே விட்டுவிட்ட வரலாற்றை அதே கூடத்தில் அந்தப் பிள்ளைகளுக்கு நானே சொல்லியிருக்கிறேன். அவர்களில் சிறியவள், "ஐயா, நாங்க பாடுனது தப்பா?" என்று கேட்டாள். இன்றுவரை அவளுக்கு ஒழுங்கான பதில் சொல்ல முடியவில்லை.

திருட்டுப் படிகளுக்கு வக்காலத்து வாங்குவது என் நோக்கமன்று. உழைத்தவருக்குக் கூலி சேர வேண்டும். ஆனால், எங்கோ ஒரு பக்கத்தில் ஒரு படத்தின் திருட்டுப் படி இருக்கிறது என்பதற்காக முழுத் தளத்தையும் நாடு முழுவதும் முடக்க நம் சட்டம் இடம் தருகிறதா? அப்படி முடக்கும்போது, வழக்கில் பெயரே இல்லாத என்னைப் போன்ற வாசகன் எங்கே போய் முறையிடுவது? விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1
எழுதியவர்: மூன்றாம் அமர்வு

ஐயா, வணக்கம். சென்னையில் அறிவுசார் சொத்துரிமை வழக்குகளில் பணியாற்றும் வழக்கறிஞர் என்ற முறையில் எழுதுகிறேன். உங்களுக்கு ஏற்பட்ட இரண்டு தடைகளும் சட்டத்தில் வெவ்வேறு வழிகளில் வந்தவை. ஆகவே தனித்தனியாகவே பார்க்க வேண்டும்.

முதலில் தள முடக்கம். படம் வெளியாவதற்குச் சில நாட்களுக்கு முன் தயாரிப்பாளர் நீதிமன்றம் செல்வார். யார் திருடப்போகிறார் என்று தெரியாததால் பெயர் தெரியாத பிரதிவாதிகள்மீது தடை கேட்பார். மேலை நாடுகளில் இதை ஜான் டோ ஆணை என்பார்கள். நம் நீதிமன்றங்களில் முகம் தெரியாத அந்த மனிதருக்கு 'அசோக் குமார்' என்று பெயர். எதிர்த்தரப்பில் வாதிட எவரும் இல்லாத நிலையில் இந்த ஆணை பிறக்கிறது. கூடவே இணையச் சேவை நிறுவனங்களையும் பிரதிவாதிகளாகச் சேர்த்துவிடுவதால், எந்த முகவரிகளை அடைக்க வேண்டும் என்று தயாரிப்பாளர் தரப்பு தயாரித்த பட்டியல் நேராக அவர்கள் கைக்குப் போகிறது. அந்தப் பட்டியலை ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்கும் கடமை யாருக்கும் இருப்பதாக நடைமுறையில் தெரியவில்லை. 2014இல் உலகக் கோப்பைக் கால்பந்து ஒளிபரப்புக்காக டெல்லி உயர் நீதிமன்றத்தில் கொடுக்கப்பட்ட 472 தளங்களின் பட்டியலில் கூகுள் டாக்ஸ் முகவரியும் இருந்தது. பிறகு அந்தப் பட்டியல் 219 ஆகக் குறைக்கப்பட்டது. பாதிக்கு மேல் கழிந்துபோனது என்றால் முதலில் எவ்வளவு கவனமாக அதைத் தொகுத்திருப்பார்கள் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

உங்கள் கேள்விக்கு நேரான பதில் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே கிடைத்திருக்கிறது. 2012இல் இங்கே பிறந்த ஓர் ஆணையைக் காட்டி, அந்த மே மாதத்தில் விமியோ, டெய்லிமோஷன் போன்ற தளங்கள் முழுவதுமாக அடைக்கப்பட்டன. இணையச் சேவை நிறுவனங்கள் விளக்கம் கேட்டு வந்தபோது, திருட்டுப் படி இருக்கும் குறிப்பிட்ட யூஆர்எல்லுக்குத்தான், அதாவது அந்த ஒரு பக்கத்தின் முகவரிக்குத்தான், தடை பொருந்தும், முழுத் தளத்துக்குப் பொருந்தாது என்று 2012 ஜூன் 22 அன்று நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. 2016இல் பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஒரு தளத்தில் இருப்பதெல்லாம் சட்டவிரோதமானவை என்று காட்டினாலன்றி முழுத் தளத்தையும் தடுக்க முடியாது என்றார். பட்டியலைச் சரிபார்த்துப் பிரமாண வாக்குமூலம் தாக்கல் செய்யச் சொன்னார். அடைக்கப்பட்ட பக்கத்தில் வழக்கு விவரமும், பாதிக்கப்பட்டவர் எங்கே அணுகலாம் என்பதும் இருக்க வேண்டும் என்றார். நீங்கள் பார்த்த அந்த ஆங்கில வாசகத்தில் இல்லாமல் போனவை அவைதான். இவ்வளவுக்குப் பிறகும் 2017இல் இன்டர்நெட் ஆர்க்கைவ் முடக்கப்பட்டது என்பதுதான் என்னை வருத்துகிறது. முன்கூட்டி எந்த அறிவிப்பும் தங்களுக்கு வரவில்லை என்று அந்நிறுவனம் கூறியது. சில நாட்களில் தடை விலகிவிட்டது. ஆனால் ஏன் வந்தது, யார் பொறுப்பு என்று எவரும் உங்களுக்குச் சொல்லவில்லை.

இனி பிள்ளைகளின் பாடல். ஒரு பாடலில் வரிகளுக்கு ஓர் உரிமை, மெட்டுக்கு ஓர் உரிமை, ஒலிப்பதிவுக்கு ஓர் உரிமை என்று தனித்தனியே உண்டு. பாரதியின் வரிகள் பொதுச் சொத்து என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு திரைப்படத்துக்காக அவ்வரிகளுக்கு அமைக்கப்பட்ட மெட்டு அப்படியன்று. ஆகவே வாத்தியாரின் மெட்டு அவருடையதே என்பதை அவரிடமிருந்து எழுத்தில் பெற்று வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் உங்கள் பதிவை எந்த மனிதரும் கேட்டிருக்க மாட்டார். வேறொரு பதிவோடு பொருந்துகிறது என்று ஒரு மென்பொருள் முடிவு செய்திருக்கும்.

நம் பதிப்புரிமைச் சட்டத்தில் 2012இல் கொண்டுவந்த திருத்தத்தின்படி 52(1)(இ) பிரிவில், உரிமையாளர் எழுத்தில் புகார் கொடுத்தால் இடைத்தரகர், அதாவது பிறர் ஏற்றியதைத் தாங்கும் இணைய நிறுவனம், அந்தப் பொருளுக்கான அணுகலை 21 நாட்கள் நிறுத்திவைக்க வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். ஆதாரமின்றி வழக்கு மிரட்டல் விடுப்பவருக்கு எதிராக 60ஆம் பிரிவின்கீழ் நீங்களே நீதிமன்றத்தை நாடவும் முடியும். ஆனால் பெரிய காணொளித் தளங்கள் நம் சட்டத்தைவிட அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் நடைமுறையையே பின்பற்றுகின்றன. அதன்படி நீங்கள் எதிர் அறிவிப்பு கொடுத்தால், புகார் கொடுத்தவர் வழக்குத் தொடராதவரை 10 முதல் 14 வேலை நாட்களுக்குள் காணொளி திரும்ப வைக்கப்பட வேண்டும். அந்தப் படிவத்தில் ஒரு வரி உங்களைத் திடுக்கிட வைக்கலாம்: அமெரிக்க நீதிமன்றத்தின் அதிகார வரம்புக்கு உட்படுகிறேன் என்று ஒப்புதல் தர வேண்டும். அதைப் பார்த்தே பலர் பின்வாங்கிவிடுகிறார்கள். உங்கள் தரப்பில் நியாயம் இருக்கிறது, தயங்காமல் அனுப்புங்கள்.

பதில் 2
எழுதியவர்: வெட்டும் ஒட்டும்

பதினைந்து ஆண்டுகளாகக் கோடம்பாக்கத்தில் படத்தொகுப்பு உதவியாளராக இருக்கிறேன். இந்த விவாதங்களில் எங்கள் பக்கத்தை யாரும் சொல்வதில்லை என்பதால் எழுதுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன், எட்டு மாதம் இரவு பகலாக நாங்கள் உழைத்த ஒரு சிறு படம் வெள்ளிக்கிழமை வெளியானது. அன்று மாலை ஸ்டூடியோவுக்கு எதிரே இருந்த தேநீர்க் கடையில், பக்கத்து பெஞ்சில் ஒருவர் அதே படத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொண்டிருந்தார். திரையின் கீழ்ப்பகுதியில் முன்வரிசைக்காரரின் தலை தெரிந்தது. வசனத்துக்கு நடுவே யாரோ இருமுவது கேட்டது. நான் மூன்று வாரம் போராடிச் சரிசெய்த காட்சி அது. படம் இரண்டாவது வாரம் ஓடவில்லை. எங்கள் குழுவில் நால்வருக்குக் கடைசித் தவணைச் சம்பளம் வரவேயில்லை. திருட்டுப் படி மட்டும்தான் காரணம் என்று நான் சாதிக்க மாட்டேன். ஆனால் அதற்கும் பங்கு உண்டு என்பதை யாரும் மறுக்கவும் வேண்டாம்.

வழக்கறிஞர் சொல்வதுபோல் யூஆர்எல்லை மட்டும் தடுத்தால் என்ன ஆகும் தெரியுமா? காலையில் ஒரு முகவரியை அடைத்தால் மதியம் ஓர் எழுத்து மாறி வேறு முகவரியில் அதே தளம் நிற்கும். அதனால்தான் டெல்லி உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில், திருட்டுக்காகவே நடக்கும் தளங்களை 'போக்கிரித் தளங்கள்' என்று வகைப்படுத்தி, அவற்றின் நகல் தளங்களையும் ஒவ்வொரு முறையும் புது வழக்குப் போடாமலே தடுக்க வழி செய்தது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி திரையரங்கில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்பவருக்கு மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், குறைந்தது மூன்று லட்சம் ரூபாய் அபராதமும் உண்டு. இவையெல்லாம் எங்களுக்குத் தேவை.

ஆனால் ஏடுதேடி ஐயா சொல்வதைப் படித்தபோது மனம் கனத்தது. ஒரு நூலகத்தை மூடச் சொல்லி எங்களில் எந்தத் தொழிலாளியும் கேட்கவில்லை. திருடனையும் நூலகரையும் ஒரே பட்டியலில் எழுதுபவர்கள் எங்களுக்கும் நல்லது செய்யவில்லை. அப்படி ஒரு பட்டியல் வெளியே தெரியும்போது, எங்கள் நியாயமான புகாரையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

பதில் 3
எழுதியவர்: கம்பிவடம்

இணையச் சேவை நிறுவனம் ஒன்றில் வலையமைப்புப் பொறியாளராக வேலை பார்த்தவன்; தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்பும் பார்க்கிறேன். இரண்டு பதில்களிலும் விடுபட்ட ஒரு தொழில்நுட்பச் செய்தியைச் சொல்ல வேண்டும். அது தெரியாமல் 'பக்கத்தை மட்டும் தடுங்கள்' என்று கோருவது பயன் தராது.

2012இல் பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் இல்லாத எச்டிடிபி முறையில் இயங்கின. பயனர் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்பது சேவை நிறுவனத்தின் கருவிக்குத் தெரியும். அந்த ஒரு பக்கத்தை மட்டும் மறிக்கவும் முடியும். இன்று ஏறத்தாழ எல்லாத் தளங்களும் மறையாக்கம் உள்ள எச்டிடிபிஎஸ் முறையில் இயங்குகின்றன. இடையிலிருக்கும் நிறுவனத்துக்குத் தளத்தின் பெயர் மட்டுமே தெரியும். உள்ளே எந்தப் பக்கம் என்பது தெரியாது. கடிதத்தின் உறை மட்டும் கண்ணில் படும் அஞ்சல்காரரின் நிலை அது. ஆகவே ஒரு பக்கத்தை மட்டும் தடுக்கும்படி நீதிமன்றம் சேவை நிறுவனத்திடம் சொன்னால், நிறுவனத்தால் அதைச் செய்யவே முடியாது. ஒன்று, ஆணையைக் கண்டுகொள்ளாமல் விட வேண்டும். அல்லது முழுத் தளத்தையும் அடைக்க வேண்டும். நீதிமன்ற அவமதிப்புக்கு அஞ்சும் நிறுவனம் எதைச் செய்யும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலை பார்த்த இடத்தில் இரவு எட்டு மணிக்குப் பட்டியல் வரும். காலைக் காட்சிக்கு முன் முடித்தாக வேண்டும். ஆயிரத்துச் சொச்சம் வரிகளில் எது நூலகம், எது திருட்டுத் தளம் என்று பார்க்க எங்களுக்கு நேரமும் இல்லை, அதிகாரமும் இல்லை. அப்படியே ஏற்றிவிட்டு வீட்டுக்குப் போனோம். அதை நினைத்தால் இப்போதும் உறுத்துகிறது.

எனவே கோரிக்கையை வேறு விதமாக வைக்க வேண்டும். பக்கத்தை நீக்கக்கூடியவர் தளத்தை நடத்துபவர் ஒருவரே. இன்டர்நெட் ஆர்க்கைவ் போல முகவரியும் தொடர்பு மின்னஞ்சலும் உள்ள தளத்துக்கு முதலில் அறிவிப்பு போக வேண்டும்; அது பதிலே தராமல் இருந்தால்தான் அடைப்பைப் பற்றிப் பேச வேண்டும். பெயரையும் ஊரையும் மறைத்துக்கொண்டு, அறிவிப்புகளைக் குப்பையில் போட்டுவிட்டுத் திருட்டுக்காகவே நடக்கும் தளம் வேறு வகை. படத்தொகுப்பு நண்பர் குறிப்பிட்ட 2019ஆம் ஆண்டுத் தீர்ப்பிலும் இந்த வேறுபாடு இருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

அவசரம் என்ற பெயரில் இந்த வேறுபாட்டைக் கைவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இத்தாலியைப் பாருங்கள். அங்கே திருட்டு ஒளிபரப்பைத் தடுக்க 2024இல் நடைமுறைக்கு வந்த 'பைரசி ஷீல்டு' அமைப்பில், புகார் வந்த 30 நிமிடத்துக்குள் முகவரியை அடைத்தாக வேண்டும். அந்த ஆண்டு அக்டோபர் 19 அன்று கூகுள் டிரைவ் கோப்புகளைத் தரும் முகவரியே அதில் அடைபட்டு, நாடு முழுவதும் மக்கள் தங்கள் சொந்தக் கோப்புகளை இறக்க முடியாமல் தவித்தார்கள். ஸ்பெயினில் 2025இல், திருட்டு ஒளிபரப்பைத் தடுப்பதற்காகக் கால்பந்து நடக்கும் வார இறுதிகளில், பல தளங்களின் போக்குவரத்தைத் தாங்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் ஐபி எண்கள் (இணைய முகவரி எண்கள்) அடைக்கப்பட்டன. ஓர் ஐபி எண்ணின் பின்னால் ஆயிரக்கணக்கான தளங்கள் குடியிருக்கின்றன. ஒரு வீட்டுக்காரருக்காகத் தெருவையே மறித்தார்கள். பந்தாட்டத்துக்கு எந்தத் தொடர்பும் இல்லாத கடைகளும் அதில் மூடிக்கிடந்தன.

பதில் 4
எழுதியவர்: மறுபக்கம்

பேச்சு பதிப்புரிமையோடு நின்றுவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். செய்தித் துறையில் இருக்கிறேன். திரைப்படத்துக்காகப் பழகிய அதே கை கருத்துக்கும் நீளும்.

2025 பிப்ரவரியில் விகடன் இணையதளம் திடீரெனத் திறக்கவில்லை. அதன் இணைய இதழில் வந்த பிரதமர் பற்றிய கேலிச்சித்திரம் ஒன்றுதான் பிரச்சினை. ஆனால் அடைபட்டது முழுத் தளமும்: சமையல் குறிப்பும் பழைய பேட்டிகளும் உழவர் பக்கங்களும் சேர்ந்தே மறைந்தன. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது, அந்தச் சித்திரப் பக்கத்தைத் தற்காலிகமாக நீக்கினால் தளத்தைத் திறக்கும்படி மார்ச் 6 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு கேலிச்சித்திரத்தை நீக்கச் சொல்வதே தவறு என்பது என் உறுதியான கருத்து. அது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு பக்கத்தோடு முடித்துக்கொள்ள முடியும் என்பது இந்த உத்தரவிலேயே தெரிந்துவிட்டதே! அப்படியானால் இடைப்பட்ட நாட்களில் முழுத் தளமும் ஏன் இருளில் கிடந்தது?

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்படி அரசு தளங்களைத் தடுக்கலாம். உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில், இணையத்தில் புண்படுத்தும் செய்தி அனுப்புவதைக் குற்றமாக்கிய 66ஏ பிரிவை நீக்கியபோதும், 69ஏ பிரிவை நிலைநிறுத்தியது. காரணங்கள் எழுத்தில் பதிவாக வேண்டும், அவற்றை நீதிமன்றத்தில் எதிர்த்துக் கேட்கலாம் என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட பாதுகாப்பு. ஆனால் 2009ஆம் ஆண்டு விதிகளில் 16ஆம் விதி, புகாரும் நடவடிக்கையும் இரகசியமாகவே வைக்கப்பட வேண்டும் என்கிறது. பார்க்கவே கிடைக்காத ஆணையை வாசகர் எப்படி எதிர்ப்பார்? இணையச் சேவையையே நிறுத்திவைக்கும் ஆணைகளை வெளியிட வேண்டும் என்று 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில் அதே நீதிமன்றம் சொன்னது. தளங்களை முடக்கும் ஆணைகளுக்கும் அது பொருந்த வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

அமெரிக்காவில் 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா 24 மணி நேரம் தன்னை இருட்டாக்கிக்கொண்டு, திருட்டுப் படித் தளங்களை முடக்க வழிசெய்யும் சோபா, பிபா மசோதாக்களை எதிர்த்தது. இரண்டு நாளில் அவை ஒத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டு ஜூலை 4 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றம், பதிப்புரிமை மீறலையும் போலிப் பொருள்களையும் தடுப்பதற்கான ஆக்டா என்ற பன்னாட்டு உடன்படிக்கையை 478க்கு 39 என்ற வாக்குகளில் தள்ளியது. அங்கே எதிர்க்க ஒரு மசோதா மேசைமேல் இருந்தது, வாக்களிக்கும் நாள் தெரிந்திருந்தது. நம் நாட்டில் முடக்கம் ஒருதலை ஆணையாகவும் இரகசியக் கடிதமாகவும் வருவதால், மக்கள் திரண்டு எதிர்க்க ஒரு நாளும் இல்லை, ஓர் இடமும் இல்லை. ஏடுதேடி ஐயா போன்றவர்கள் தேதி போட்டு எழுதிவைக்கும் குறிப்புகள்தான் நமக்குள்ள சான்று.

கேள்வி கேட்டவரின் பதில்
எழுதியவர்: ஏடுதேடி

நால்வருக்கும் என் நன்றி. கம்பிவடம் அவர்கள் எழுதியதைப் படித்த பிறகு என் கோரிக்கை மாறியிருக்கிறது. 'பக்கத்தை மட்டும் தடுங்கள்' என்று மனு எழுதி வைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டு, தளத்துக்கு முதலில் அறிவிப்பு, பட்டியலுக்குப் பிரமாண வாக்குமூலம், தடைப் பக்கத்தில் வழக்கு எண்ணும் முடியும் தேதியும், ஆணைகளைப் பொதுவில் வெளியிடுதல் என்று திருத்தி எழுதிவருகிறேன். படத்தொகுப்பு நண்பரே, உங்கள் கடைசித் தவணையைப் பற்றியும் அதில் ஒரு பத்தி இருக்கும். உங்கள் இழப்பைச் சொல்லாமல் எங்கள் இழப்பை மட்டும் சொல்வது நேர்மையாகாது.

நேற்று மாலை எதிர் அறிவிப்பையும் அனுப்பினேன். பாட்டு வாத்தியார் கோடு போட்ட தாளில் தம் மெட்டைச் சுரப்படுத்தி, கீழே கையெழுத்திட்டுக் கொடுத்தார். எழுபத்தாறு வயதில் தம் மெட்டுக்குத் தாமே சாட்சி சொல்வது இதுதான் முதல் முறை என்றார். அமெரிக்க நீதிமன்ற வரம்புக்கு உட்படுகிறேன் என்ற கட்டம் வந்ததும் கை தயங்கத்தான் செய்தது. கேள்வி கேட்ட சிறுமி பக்கத்தில் நின்று திரையை எழுத்துக்கூட்டி வாசித்துக்கொண்டிருந்தாள். அவளிடம், "நீங்க பாடுனது தப்பில்ல, அதைத்தான் எழுதி அனுப்புறேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டத்தில் குறியிட்டேன்.

தடைப் பக்கம் எதையாவது பார்த்திருப்பவர்கள் அதன் படத்தை நாள், நேரம், ஊர் ஆகியவற்றோடு இந்த இழையில் இடுங்கள். மனுவோடு இணைக்க வேண்டும். என்னிடம் இப்போதைக்கு 2017இல் தாளில் எழுதிவைத்த ஒரு குறிப்பு மட்டுமே இருக்கிறது.